பிசிறு

“விமானம் இறக்குமதி பண்ணினீங்களா?”

“தகடு இறக்குமதி பண்ணினேன் சார். விமானம்னு அவங்கதான் சொல்றாங்க.”

2008 ஏப்ரலில், தம்புச் செட்டித் தெருவில் இருந்த என் அறையில் நடந்த பேச்சு இது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். வலது ஆள்காட்டி விரல் நுனியில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கீறல்கள். அந்தக் கீறல்கள்தான் வழக்கே என்பது எனக்கு அப்போது தெரியாது. அழைத்து வந்த கிளியரிங் ஏஜென்ட் பாமாயில், பழைய துணி, பட்டாணி என்று எத்தனையோ கேசை என்னிடம் கொண்டுவந்தவர். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு இருந்தது.

சுங்க வழக்குகளில் பாதி, பெயர் வைக்கும் சண்டை. வந்திருக்கும் சரக்குக்கு இறக்குமதி செய்தவர் ஒரு பெயர் சொல்வார், அதிகாரி இன்னொரு பெயர் சொல்வார். பெயர் மாறினால் வரி மாறும். சில சமயம் சரக்கை நாட்டுக்குள் விடலாமா கூடாதா என்பதே மாறிவிடும். இருபது வருஷமாக இந்தச் சண்டையில்தான் என் சோறு. ஆனால் ஒரே பெட்டியை ஒருவர் தகடு என்றும் இன்னொருவர் விமானம் என்றும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

வந்தவர் தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்று, கோவைக்கு அருகில் வீடு கட்டிக் குடியேறியவர். கப்பலை விட்டு இறங்கின பிறகும் எல்லோரும் ‘சீஃப்’ என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். எந்தத் துறைமுகம், எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, சட்டப் புத்தகத்தை என்னைவிடக் கவனமாகப் படித்தவர்கள்.

சீஃப் ஒரு கேட்லாக்கை என் மேஜையில் விரித்தார். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.-7 என்ற விமானம். அருகருகே இரண்டு பேர் உட்காரலாம்; இறக்கை நுனிக்கு நுனி 25 அடி. இதை முழுசாக விற்கமாட்டார்கள். வால் ஒரு கிட், இறக்கை ஒரு கிட், உடல் ஒரு கிட், கண்ணாடி மூடி, சக்கரம், முகப்பு எல்லாம் சேர்ந்து ‘ஃபினிஷிங்’ கிட் என்று நான்கு தவணையில் வாங்கிக்கொள்ளலாம். இன்ஜினும் புரொப்பெல்லரும் தனி. கையில் காசு சேரச் சேர வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துக் கட்டுவது. ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் வேலை இருக்கும் என்றார்.

“சனி, ஞாயிறு மட்டும் பார்த்தா?”

“ஏழு, எட்டு வருஷம் ஆகும் சார். நான் ரிட்டயர்டு. நாலு வருஷம்.”

அமெரிக்காவில் இது விசித்திரம் இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1953-ல் மில்வாக்கியில் பால் பொபரெஸ்னி என்பவர் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1970 முதல் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் வருஷா வருஷம் கூடுகிறார்கள், தாங்கள் கட்டிய விமானத்திலேயே பறந்துவந்து. அந்த நாட்டுச் சட்டம் இவர்களுக்கு ஒரு தனிக் கதவு திறந்து வைத்திருக்கிறது. தொழிற்சாலை விமானத்துக்கு வேண்டிய வகைச் சான்றிதழ் இதற்கு வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: வேலையில் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, செய்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே பாதிக்கு மேல் செய்து கொடுத்தால் கிட் விற்பவருக்கே வியாபாரம் கிடையாது. ‘ஐம்பத்தொரு சதவீத விதி’ என்பது அவர்களிடையே வழங்கும் பெயர். இந்த ஐம்பத்தொன்றைக் கேட்டதுமே என் மூக்கில் வழக்கு வாசனை அடித்துவிட்டது.

நடந்தது இதுதான். 2007-ல் வால் கிட் வந்தது. ‘விமான உதிரிபாகம்’ என்று பில் ஆஃப் என்ட்ரி போட்டார்கள், வரி கட்டினார்கள், சரக்கு வெளியே வந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கப்பல் வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று அடுத்த முறை இறக்கையையும் உடலையும் சீஃப் சேர்த்து வரவழைத்தார். 2008 மார்ச்சில் இரண்டு நீளப் பெட்டிகள் ஒரே பில்லில் வந்து இறங்கின. அப்ரைசர் இன்வாய்ஸைப் பார்த்தார், கேட்லாக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இறக்கை இருக்கிறது, உடல் இருக்கிறது, வால் போன வருஷமே போய்விட்டது. இது உதிரிபாகம் இல்லை, பிரித்து வைத்த விமானம் என்று எழுதிவிட்டார். விமானம் என்றால் வரி வேறு. அதைவிட முக்கியமாக, விமானத்தை இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும். அனுமதி எங்கே? இல்லை. அப்படியானால் சுங்கச் சட்டம் 111-வது பிரிவின்படி பறிமுதல் செய்யத் தக்கது, விளக்கம் சொல்லுங்கள் என்று நோட்டீஸ்.

நோட்டீஸ் வெறும் மிரட்டல் இல்லை. சுங்க வரி அட்டவணையின் தொடக்கத்திலேயே, சரக்குக்குப் பெயர் வைப்பதற்கென்று சில விதிகள் உண்டு. அதில் 2(ஏ) என்ற விதி சொல்வது: ஒரு பொருள் அரைகுறையாக வந்தாலும் முழுப் பொருளின் முக்கிய குணம் இருந்தால் அது முழுப் பொருளே, பிரித்துப் போட்டு வந்தாலும் அப்படியே. நாற்காலியின் காலைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து ‘விறகு’ என்று சொல்ல முடியாது. நியாயமான விதி. போதாக்குறைக்கு, உலகம் முழுக்கச் சுங்கத்தார் கையில் இருக்கும் விளக்கக் குறிப்பில், இன்ஜின் பொருத்தாத விமானமும் விமானமே என்று இருக்கிறது. ‘இன்ஜின் இல்லையே’ என்பதுதான் நான் கையில் வைத்திருந்த முதல் வாதம். அது அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

சரக்கைப் பார்க்காமல் வாதாடக்கூடாது என்பது என் சீனியர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கன்டெய்னர் ஷெட்டுக்குப் போனேன். பிளைவுட் பெட்டியைத் திறந்தால் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய அலுமினியத் தகடுகள், வளைத்த ரிப்புகள், கட்டுக் கட்டாக மூலைப் பட்டைகள், எடைக் கணக்கில் பொட்டலம் கட்டிய ரிவெட்டுகள். எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மொத்தச் சரக்கு வந்த மாதிரி இருந்தது. “இதில் சிறகு எது?” என்று கூட இருந்த அதிகாரியைக் கேட்டேன். அவர் சளைக்காமல் ஒரு நீளமான, பொன்னிறப் பூச்சு ஏறிய பாகத்தைக் காட்டினார். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார். அதைத் தொழிற்சாலையிலேயே ரிவெட் அடித்து முடித்து அனுப்பியிருந்தார்கள். நமக்குப் பாதகமான சாட்சி பெட்டிக்குள்ளேயே படுத்திருந்தது.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழக்கு இழுக்கும் என்று தெரிந்தால், சுங்கச் சட்டம் 49-வது பிரிவில் மனுப் போட்டு, சரக்கைப் பண்டகசாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்; வாடகை குறையும். நான் பெயர்ச் சண்டையின் சுவாரஸ்யத்தில் மூழ்கி அதை இரண்டரை மாதம் கழித்துத்தான் நினைத்தேன். மனு போட்டு, உத்தரவு வந்து, பெட்டி நகர்வதற்குள் இன்னும் ஒன்றரை மாதம். நாலு மாதத்துக்கும் கன்டெய்னர் ஷெட்காரர் நாள் கணக்கில் டெமரேஜ் எழுதிக்கொண்டிருந்தார். சுங்கத்தார் தப்பாகவே நிறுத்தி வைத்திருந்தாலும் வாடகை இறக்குமதியாளர் தலையில்தான் என்று கிராண்ட் ஸ்லாம் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூனியர்களுக்கு நான் பாடம் நடத்தும் தீர்ப்பு அது. என் கட்சிக்காரர் விஷயத்தில் எனக்கே ஞாபகம் வரவில்லை.

சீஃப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பாய்லர் வால்வு மறந்துட்டா கப்பல்ல என்ன ஆகும் தெரியுமா சார்?” என்று மட்டும் ஒரு முறை சொல்லிச் சிரித்தார். அது போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கார் வெளியே வெயிலில் நிற்க, ஷெட்டுக்குள் விமானத்தின் வால் மட்டும் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளி நிறம், வரிசை பிசகாத ரிவெட்டுத் தலைகள். அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “கப்பல்ல இருந்தப்பவாவது லெட்டர் போடுவார் தம்பி. இப்ப பத்தடி தூரத்தில இருக்கார், கூப்பிட்டா காதில விழறதில்லை” என்றார். காற்றழுத்த ரிவெட் கன்னை ஒரு தடவை அழுத்திக் காட்டினார் சீஃப். அம்மா சொன்னது முழு உண்மை.

“வேலையைக் காட்டுங்க” என்றேன். ஒரு துண்டுத் தகட்டை எடுத்தார். ஓட்டைகள் தொழிற்சாலையிலேயே குத்தப்பட்டிருந்தன. அதிகாரிகள் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருந்த விஷயம் அது: ஓட்டை போட்டு வந்துவிட்டது, ரிவெட் அடித்தால் முடிந்தது. சீஃப் தகட்டையும் ரிப்பையும் சேர்த்து, கிளிக்கோ என்று சொல்லும் ஸ்பிரிங் பின்னால் தற்காலிகமாகப் பிணைத்தார். ஓட்டையைச் சரியான அளவுக்கு டிரில் போட்டார். பிறகு எல்லாவற்றையும் கழற்றினார்.

“கழற்றவா?”

“தடவிப் பாருங்க.”

ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்தேன். நறுக்கென்று கீறியது. டிரில் ஏறி இறங்கின இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. அவர் விரல் நுனிக் கீறல்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும். தகட்டின் ஓரம் முழுக்க அரம் போட்டு, உப்புத்தாள் தேய்க்க வேண்டும். அப்புறம் ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்கார, ஒவ்வொரு ஓட்டையையும் அச்சில் வைத்து அழுத்திக் குழியாக்க வேண்டும். பிறகு துரு தடுக்கும் பிரைமர். அதன் பிறகுதான் திரும்பவும் சேர்த்து ரிவெட். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகள்.

“பிசிறை விட்டுட்டா என்ன?”

“அங்கேதான் சார் விரிசல் ஆரம்பிக்கும்.” 1954-ல் நடந்த காமெட் விபத்துகளைச் சொன்னார். உலகின் முதல் ஜெட் பயணி விமானம். ஜனவரியில் எல்பா தீவுக்கருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே ஒன்று, நடுவானில் பிளந்து கடலில் விழுந்தன. எடுத்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உலோகம் களைத்துப்போய் விரிசல் விட்டது தெரிந்தது. ஜன்னல் போன்ற திறப்பின் மூலையில், ரிவெட்டு ஓட்டையை ஒட்டி. “தகடு மறக்காது சார். நாம விட்ட பிசிறை அது ஞாபகம் வெச்சிருக்கும்.”

நான் அவர் மேஜை மேல் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலிகோ அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. கப்பலில் இன்ஜின் அறை லாக் எழுதி எழுதிக் கை பழகிய மனுஷர். வால் கிட்டுக்கும் அப்படியே எழுதியிருந்தார். தேதி, என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன தப்பு நடந்தது. ‘இடது எலிவேட்டர், பிசிறு, 3 மணி.’ ‘சுக்கான், குழி அழுத்தியது, 2½ மணி. ஒரு ஓட்டை இரட்டையாக விழுந்தது.’ கடைசிப் பக்கத்தில் கூட்டல்: வால் மட்டும் 194 மணி நேரம். பக்கத்துக்குப் பக்கம் புகைப்படம் ஒட்டியிருந்தது.

“இதை எதுக்கு எழுதினீங்க?”

“எழுதாம எப்படி சார் வேலை பார்க்கிறது?”

அந்த நோட்டை வாங்கிக்கொண்டுதான் கோவையில் ரயில் ஏறினேன்.

முதல் அதிகாரியிடம் தோற்றோம். அவர் உத்தரவு பதினாறு பக்கம், நன்றாக எழுதப்பட்டது. ஷார்ப் பிசினஸ் மெஷின்ஸ் வழக்கை மேற்கோள் காட்டியிருந்தார். நகலெடுக்கும் இயந்திரத்தைப் பாகம் பாகமாக, தனித்தனி பில்லில் கொண்டுவந்தவர்களை, இது முழு இயந்திரமே என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் பிடித்த வழக்கு. போன வருஷம் வாலை விட்டது தவறு என்றால் இந்த வருஷமும் தவறு செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தார், சட்டப்படி சரி. சரக்கு பறிமுதல், வேண்டுமானால் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம், தனியாகத் தண்டம். அபராதம் கட்டினாலும் அனுமதி இல்லாத விமானம் என்ற பெயர் போகாது. சீஃபுக்கு அதுதான் வலித்தது. “கள்ளக்கடத்தல்காரன் மாதிரி எழுதியிருக்காங்களே சார்” என்றார். அப்படி எழுதவில்லைதான். ஆனால் பறிமுதல் என்ற சொல்லை முதல் தடவை தன் பெயருக்குப் பக்கத்தில் படிக்கிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

மேல்முறையீடு போட்டோம். நான் சாய்ந்து நின்றது 1971-ல் வந்த தாராசந்த் குப்தா தீர்ப்பின் மேல். மோட்டார் சைக்கிள் உதிரிபாகத்துக்கு உரிமம் வாங்கி மொபெட் பாகங்களைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். டயர், ட்யூப், சீட் தவிர எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து மொபெட் என்றார் அதிகாரி. உரிமத்தில் இருப்பது உதிரிபாகம், வந்திருப்பதும் உதிரிபாகம், மனத்துக்குள் பூட்டிப் பார்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் 1990 தீர்ப்பு அதற்குப் பின்னால் வந்தது. பழைய வாளைப் புதிய கேடயத்தில் மோதவேண்டிய நிலை.

அப்போதுதான் 2008 செப்டம்பர் 23 வந்தது. சோனி இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்ணத் தொலைக்காட்சிக்கான பாகங்கள். இது பிரித்துப் போட்ட தொலைக்காட்சியே என்று சுங்கத்தார். 2(ஏ) விதியின் விளக்கக் குறிப்பை நீதிமன்றம் எடுத்துவைத்து அலசியது. ரிவெட்டோ வெல்டிங்கோ, பொருத்துவது எவ்வளவு சிக்கலானாலும் அது வெறும் பொருத்தலே. ஆனால் பொருத்துவதற்கு முன் பாகத்தின் மேலேயே இன்னும் வேலை செய்ய வேண்டியிருந்தால் அந்த விதி ஒட்டாது. தீர்ப்பின் நகலை என் குமாஸ்தா கொண்டுவந்து வைத்த அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை.

அதுவரை நான் ‘பொருத்துவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்’ என்று மனு முழுக்க அழுதிருந்தேன். கஷ்டம் கணக்கில் வராது. பத்தாயிரம் ரிவெட்டும் கணக்கில் வராது. கணக்கில் வருவது ரிவெட்டுக்கு முந்தைய வேலை. அதாவது, பிசிறு.

டிசம்பரில் விசாரணை. மேல்முறையீட்டு ஆணையர் ஒரு பெண்மணி. பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறவர் என்று பெயர். நான் கொஞ்சம் பின்னணி சேர்க்கலாம் என்று, 1910-லேயே மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் விமானம் கட்டவைத்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்ட கதையை ஆரம்பித்தேன்.

“அவர் டியூட்டி கட்டினாரா?” என்றார் அம்மையார்.

நேராகப் பெட்டிக்கு வந்துவிட்டேன். இரண்டாவதாக வைத்திருந்த நயமும் எடுபடவில்லை. 1934-ம் வருஷத்து விமானச் சட்டம், காற்றின் எதிர்வினையால் வானில் தாங்கி நிற்கக்கூடிய எந்த இயந்திரமும் விமானம் என்று வரையறுத்து, பட்டத்தைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தது. நம்ம ஊர்க் காத்தாடிகூட விமானம், இந்தப் பெட்டி மட்டும் இல்லை, ஏனென்றால் எதனாலும் இது மேலே நிற்காது என்றேன். விமானம் முழுசாகிச் சோதனைக்கு வந்தால்தான் பதிவுப் பேச்சு என்று விமானப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து சீஃப் வாங்கிவைத்திருந்த கடிதத்தையும் நீட்டினேன். இலாகா சார்பில் வந்த அதிகாரி எழுந்து, “பறக்கச் சட்டம் வேற, வரிச் சட்டம் வேற” என்று ஒரே வரியில் முடித்தார். ஆணையர் தலையசைத்தார். ஆக, ஒரு அலுவலகத்துக்கு அது இன்னும் விமானம் ஆகவில்லை. இன்னொரு அலுவலகத்துக்கு ஏற்கெனவே விமானம். இரண்டும் அதனதன் சட்டப்படி சரி. நடுவில் சீஃப் காலிகோ நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு நோட்டைக் கொடுத்தேன். ஆணையர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். இலாகா அதிகாரி நல்ல கேள்வி கேட்டார்: “இது வால். இங்கே வழக்கு இறக்கை, உடல் பற்றி.” அதற்குத் தயாராக வந்திருந்தோம். இறக்கைப் பெட்டியிலிருந்து அனுமதி வாங்கி எடுத்த மாதிரித் தகடு ஒன்றைச் சீஃப் மேஜை மேல் வைத்தார். கட்டும் கையேட்டில் அந்தத் தகட்டுக்கான பக்கத்தைப் பிரித்தார். டிரில் போடு, பிசிறு எடு, ஓரம் தேய், குழி அழுத்து, இன்ன அளவுக்கு வெட்டு. ரிவெட் என்ற சொல் அடுத்த பக்கத்தில்தான் வந்தது.

“மேடம், இந்த ஓரத்தைத் தடவிப் பாருங்க. மெதுவா.”

ஆணையர் தடவினார். விரலை இழுத்துக்கொண்டார்.

“இதோட அப்படியே பொருத்தினா?”

“பொருத்தலாம் மேடம். பறக்கக்கூடாது.”

ஸ்பார் முடித்து வந்ததை நாங்களே ஒப்புக்கொண்டோம். மறைத்திருந்தால் அதிகாரி சொல்லியிருப்பார். சொன்ன பிறகு நோட்டையும் நம்பியிருக்கமாட்டார்கள். கடைசியாக ஐம்பத்தொரு சதவீத விதியை வைத்தேன். இதைத் தயாரிக்கும் நாட்டின் சட்டமே, பெட்டியில் இருப்பது வேலையில் பாதிகூட இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் விற்க விடுகிறது. அங்கே பாதிக்குக் குறைவு, கடல் தாண்டினதும் முழுசா? அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றார் அதிகாரி. உண்மைதான், கட்டுப்படுத்தாது. ஆனால் ஆணையர் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

2009 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. சக்கரம், கண்ணாடி மூடி, முகப்பு, இன்ஜின், புரொப்பெல்லர் எதுவும் உடன் வரவில்லை, வந்த பாகங்களின் மேலும் வெட்டுதல், பிசிறு நீக்குதல், குழியழுத்தல் முதலிய வேலைகள் பொருத்துவதற்கு முன் பாக்கி இருப்பது கையேட்டாலும், இறக்குமதியாளரின் வேலைப் பதிவேட்டாலும் தெரிகிறது, எனவே 2(ஏ) விதி பொருந்தாது, இவை உதிரிபாகங்களே. பறிமுதலும் தண்டமும் ரத்து. இலாகா மேலே போகவில்லை.

வெற்றிச் செய்தியைப் போனில் சொன்னேன். “அந்தம்மா கையில கீறல் பலமா சார்?” என்று கேட்டார் சீஃப்.

டெமரேஜ் பில், என் ஃபீஸ், வரி இரண்டையும் கூட்டினாலும் அதிகமாக வந்தது. கன்டெய்னர் ஷெட்காரரிடம் பேசிக் கொஞ்சம் குறைத்தோம். மீதியைக் கட்ட அவர் ஊரில் இருந்த ஒரு சின்ன மனையை விற்றார். நான் ஃபீஸ் வாங்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. 49-வது பிரிவை மறந்தவன் எந்த முகத்தோடு வாங்குவது? பெட்டிகள் லாரி ஏறி மூன்று வாரம் கழித்து, மார்ச்சில், சுங்க வளாகச் சரக்குகளைக் கையாள்வது பற்றிப் புதிய ஒழுங்குமுறை வந்தது. சுங்கத்தார் நிறுத்திவைத்த சரக்குக்கு வளாகத்தார் வாடகை வாங்கக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. அரசிதழை மடித்துவைத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன்.

பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை போனில் பேசுவோம். 2016-ல் மும்பை ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் கேப்டன் அமோல் யாதவ் தன் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் கட்டிய விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பத்திரிகையில் படம் பார்த்துச் சீஃப்தான் முதலில் கூப்பிட்டார். அடுத்த வருஷம் நவம்பரில் அந்த விமானத்துக்குப் பதிவு கிடைத்ததையும் அவரே சொன்னார். “எனக்கு இன்னும் இன்ஜினே வாங்கலை சார். மனை இருந்தா வாங்கியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினார்.

2018-ல் கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஷெட்டுக்கும் போனேன். உடலும் வாலும் சேர்ந்து நின்றன. இறக்கைகள் இரண்டும் சுவரோரம் மரத் தொட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன; வலது இறக்கையில் அடித்தகடு ஒரு வரிசை பாக்கி. “வாங்க சார், உங்க பங்குக்கு அடிங்க” என்று ரிவெட் கன்னை என் கையில் கொடுத்துவிட்டு, மறுபக்கம் இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டார். நான்கு அடித்தேன். ஒவ்வொன்றையும் அளவுத் தகட்டால் சோதித்தார். நசுங்கின தலை, ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டுமாம். ஒன்றும் சொல்லாமல் காலிகோ நோட்டை எடுத்து எழுதினார்.

அவர் காபி எடுத்துவர உள்ளே போனபோது நோட்டைப் புரட்டினேன். ‘2008 மார்ச் முதல் 2009 பிப்ரவரி வரை: கேஸ். 0 மணி’ என்று ஒரு வரி. அன்றைய தேதியில், மை காயாமல்: ‘வலது இறக்கை, அடித்தகடு. வக்கீல் சார் அடித்தது 4. டிரில் போட்டு எடுக்க வேண்டியது 3.’